தீபாவளி ஆர்டர் போடும் ஜவுளிக்கடைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் பெரிய ஜவுளிக்கடை உரிமையாளர்களுக்கும் கொள்முதல் மேலாளர்களுக்கும் வணக்கம்.

திருப்பூருக்கு ஆர்டர் பேச வரும்போது விலையும் தேதியும்தான் பேச்சு. தொழிலாளர் விஷயத்தைக் கேட்டால் சப்ளையர் ஒரு சான்றிதழை நீட்டுவார், அத்தோடு அது முடிந்துவிடும். ஆனால் உங்கள் கடைக்கு வரும் டி-ஷர்ட் எந்தக் கூரைக்குக் கீழே, எத்தனை மணிக்குத் தைக்கப்படுகிறது என்பது நீங்கள் கொடுக்கும் தேதியைப் பொறுத்தது.

ஒரு சின்னக் கணக்கு. சாதாரண வட்டக்கழுத்து டி-ஷர்ட்டுக்குத் தையல் நேரம் சுமார் 7 நிமிடம் என்று வையுங்கள். 20 டெய்லர் உள்ள லைன், 8 மணி நேர ஷிஃப்டில் 9,600 நிமிடம் தரும். ஊசி முறிவது, கலருக்குக் கலர் நூல் மாற்றுவது, கட்டிங்கிலிருந்து பீஸ் வரும்வரை காத்திருப்பது எல்லாம் போக, பாதி நேரம் தையலானால் நாளைக்கு 680 பீஸ் சொச்சம். 5 நாளில் 3,400. நீங்கள் அதே 5 நாளில் 10,000 கேட்கிறீர்கள். மீதி 6,600 பீஸை அதே பெண்கள் நள்ளிரவு தாண்டியும் உட்கார்ந்து தைக்க வேண்டும். இல்லையென்றால் பெயர்ப்பலகை இல்லாத ஷெட்டுக்குப் பீஸ் ரேட்டில் போகும். அங்கே பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. தீப்பிடித்தால் வெளியேற ஒரே ஒரு ஷட்டர்.

5 நாள் எப்படி வந்தது? ஆர்டரில் 45 நாள் இருந்திருக்கும். லேப் டிப் கலரை, அதாவது சின்னத் துண்டில் சாயமேற்றிக் காட்டும் மாதிரி நிறத்தை, ஒப்புக்கொள்ள உங்கள் அலுவலகம் 12 நாள் எடுத்தது. துணி பின்னி முடித்த பிறகு, எந்த சைஸில் எத்தனை பீஸ் என்ற சைஸ் ரேஷியோவை மாற்றினீர்கள். விலை ஸ்டிக்கர் கடைசியில் வந்தது. டெலிவரி தேதி மட்டும் நகரவில்லை. நிட்டிங் மெஷினையும் சாய மெஷினையும் ஓரளவுக்கு மேல் விரட்ட முடியாது. விரட்ட முடிவது தையலில் இருக்கும் ஆளைத்தான்.

பணமும் அப்படியே. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. கெடு தாண்டியும் வருட முடிவில் பாக்கி நிற்கும் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாதபடி வருமான வரிச் சட்டத்திலும் பிரிவு வந்துவிட்டது. அப்படியும் 90 நாள் கடன் கேட்கிறீர்கள். அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில் சப்ளையர் வட்டி கேட்பதில்லை. ஆனால் சனிக்கிழமை சம்பளம் சனிக்கிழமையே போட வேண்டும். அதற்கு அவர் கை வைப்பது ஓவர்டைமுக்குத் தர வேண்டிய இரட்டைச் சம்பளத்திலும் பி.எஃப். பணத்திலும்தான்.

சாயத்துக்கு வருவோம். அடர் நிறங்களுக்கு லிட்டர் தண்ணீருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு போடுவார்கள். சாயம் துணியில் ஏறும், உப்பு தண்ணீரிலேயே நிற்கும். அந்த உப்புதான் நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இன்று ஒழுங்காக நடக்கும் பட்டறை, கழிவுநீரை ஆர்.ஓ. சுத்திகரிப்பில் ஏற்றி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்கிறது. அந்தச் செலவு சாயக்கூலியில் இருக்கிறது. கூலி சந்தை விலையை விட வெகுவாகக் குறைந்திருந்தால், தண்ணீர் ராத்திரியில் எங்கே போகிறது என்று கேளுங்கள். சாய பில்லில் உள்ள கிலோவையும் உங்கள் பீஸ் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். 160 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 160 கிராம்) துணி ஒரு கிலோவுக்குச் சுமார் 5 டி-ஷர்ட் வரும். 10,000 பீஸுக்கு 2,000 கிலோ பில் வேண்டும். 900 கிலோவுக்குத்தான் பில் இருக்கிறதென்றால் மீதித் துணி கணக்கில் வராத இடத்தில் சாயமேறியிருக்கிறது.

'ஆர்கானிக் காட்டன்' என்று லேபிள் போடுகிறவர்கள், யூனிட்டுக்கான சான்றிதழோடு நிற்க வேண்டாம். அது அந்த யூனிட்டுக்குத் தகுதி உண்டு என்று மட்டுமே சொல்லும். உங்களுக்கு வந்த சரக்குக்கென்று தனியாக ஒரு பரிவர்த்தனைச் சான்றிதழ் உண்டு. அதைக் கேளுங்கள்.

ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளி ஷெட்டில் கூலிக்குத் தைக்க, கொடுக்கவே கூடாது என்று தயவுசெய்து தடை போடாதீர்கள். தடை போட்டால் மறைப்பார்கள். எந்தெந்த ஷெட்டுக்கு எத்தனை பீஸ் போகிறது, அங்கே எத்தனை மெஷின் என்று ஆர்டர் தாளிலேயே எழுதி வாங்குங்கள். அந்த ஷெட்டின் இ.எஸ்.ஐ. மாதச் சந்தாப் பட்டியலை மெஷின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். 60 மெஷின் ஓடும் இடத்தில் 22 பெயர்தான் இருக்கிறது என்றால் வேறு ஆடிட் தேவையில்லை. சொல்லாமல் போய்ப் பாருங்கள், இரவு 9 மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். அங்கே குறை கண்டால் உடனே ஆர்டரை ரத்து செய்துவிடாதீர்கள். ரத்து செய்தால் முதலில் வேலை இழப்பவர்கள் அந்த 60 பேர்தான். குறையைச் சரிசெய்யக் கெடு கொடுங்கள், அதற்கு ஆகும் செலவைப் பீஸ் விலையில் சேருங்கள்.

இந்தத் தீபாவளி ஆர்டரிலேயே ஒரு வரி சேர்க்கலாம்: கலர், சைஸ், ஸ்டிக்கர் ஒப்புதலில் கடையின் தரப்பில் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் டெலிவரி தேதி ஒரு நாள் தள்ளும்.

இப்படிக்கு,
திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்கள்