நீங்கிய காரணம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற முடிகிறது என்று எழுதியிருந்தாய், படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே மழை ஏமாற்றிவிட்டது. உளுந்து தப்பித்தது, மக்காச்சோளம் போச்சு.

ஒரு மாதமாக நான் நம் பள்ளிக்கூடத்தில்தான் கிடக்கிறேன். ஆண்டு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். பள்ளியின் பழைய கதையை நீங்கள்தான் எழுதித் தர வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டார், சரி என்று சொல்லிவிட்டேன். பழைய கட்டடத்தின் கோடி அறையில் இரண்டு பச்சை பீரோ இருக்குமே, அதைத் திறந்து தூசி தட்டி உட்கார்ந்தேன்.

தொடக்கம் நமக்குத் தெரிந்ததுதான். ஓலைக்கொட்டகையில் ஆரம்பப் பள்ளி, அப்புறம் போர்டு ஸ்கூல், காமராஜர் காலத்தில் ஹைஸ்கூல். ஆனால் ஹைஸ்கூல் எப்படி வந்தது என்பது இப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. ஊர்ப் பங்கு கட்ட வேண்டும் என்றதும் வீட்டுக்கு வீடு பருத்தி வாங்கி விற்றிருக்கிறார்கள். அந்த வசூல் நோட்டு கிடைத்தது. உன் தாத்தா பெயருக்கு நேரே ‘பருத்தி ஒரு மூடை’ என்று இருக்கிறது. மடியளவு கொடுத்தவர்கள் பெயர்கூட விடுபடவில்லை. காமராஜர் படித்த விருதுநகர் பள்ளிக்கூடம் பிடி அரிசியில் வளர்ந்தது என்பார்கள். நம்முடையது பருத்தியில் வளர்ந்திருக்கிறது. இதைத்தான் மலரில் முதல் பக்கத்தில் வைக்கப் போகிறேன்.

1956-ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கிவைத்த எட்டயபுரம் நமக்குக் கூப்பிடு தூரம். இருந்தும் ஹைஸ்கூல் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடைக்க 1984 ஆகிவிட்டது. எம்.ஜி.ஆர். 1982-ல் கொண்டுவந்த சத்துணவை அந்த வருஷம்தான் பத்தாம் வகுப்பு வரைக்கும் நீட்டினார்கள். நம் காலத்தில் மத்தியான மணி அடித்ததும் தூக்குச்சட்டி உள்ளவன் வேப்பமரத்தடிக்குப் போவான், இல்லாதவன் கிணற்றடிக்குப் போவான். நான் எத்தனை நாள் கிணற்றடிக்குப் போனேன் என்பதும், உன் கம்பஞ்சோற்று உருண்டையில் பாதி யாருக்குப் போனது என்பதும் எந்த நோட்டிலும் இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்னொன்றும் மனதை உறுத்தியது. நாம் 1976-ல் பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு வெளியே வந்தோம். 1978-ல் ப்ளஸ் டூ வந்ததும் பெரிய ஊர்ப் பள்ளிகள் மேல்நிலைப் பள்ளி ஆயின, நம் பள்ளி பத்தாவதோடு நின்றுவிட்டது. இருந்த பதினொன்றாம் வகுப்பும் போயிற்று. மேலே படிக்க வேண்டுமென்றால் டவுனுக்குப் பஸ் ஏறணும். வயதுக்கு வந்த பெண்ணை அந்தக் காலத்தில் யார் அனுப்பினார்கள்?

நாம் ஆறாம் வகுப்பில் சேர்ந்தது 1970. ‘நீராருங் கடலுடுத்த’ பாட்டை அரசு விழாக்களில் பாட வேண்டும் என்று ஆணை வந்ததும் அந்த வருஷம்தான். தமிழய்யா அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, யாருக்குக் குரல் நன்றாக இருக்கிறது என்று வகுப்பு வகுப்பாகப் பாடச் சொல்லிக் கேட்டார். கடைசியில் பிரேயரில் முன்னால் நின்று பாடியது எட்டாம் வகுப்பில் இருந்த உன் அக்கா. ‘தெக்கணமும் அதிற்சிறந்த’ என்று அவள் குரல் ஏறும்போது மைதானமே அடங்கிப் போகும். எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அந்தச் சேர்க்கைப் பதிவேட்டை நேற்று எடுத்தேன். நீளமான தடிப் புத்தகம், ஓரத்தைக் கரையான் தின்றிருக்கிறது. பெயர், தகப்பனார் பெயர், தொழில், பிறந்த தேதி என்று கட்டம் கட்டமாகப் போகிறது. தகப்பனார் தொழில் ‘கூலி’, ‘கூலி’, ‘விவசாயம்’. பாதிப் பேருக்குப் பிறந்த தேதி மே, ஜூனில்தான். பள்ளிக்கூடம் திறக்கும்போது ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்று முதல் வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்டுக் கொடுத்த தேதிகள்.

கடைசியில் இரண்டு கட்டம்: நீங்கிய நாள், நீங்கிய காரணம். உனக்கும் எனக்கும் ‘படிப்பு முடிந்தது’ என்று இருக்கிறது. அக்கா பெயருக்கு நேரே 1971 ஜனவரி, ‘நீண்ட நாள் வராமை’. நீல மை, முத்து முத்தான எழுத்து. அதற்குக் கீழே உள்ள பெண்கள் பெயருக்கு நேரே ‘மேற்படி’, ‘மேற்படி’ என்று இறங்கிக்கொண்டே போகிறது. அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்குக் கை வரவில்லை.

வராமல் எங்கே போனார்கள் என்று அந்தக் கட்டத்தில் எழுத இடமில்லை. விடிகாலை நாலு மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து ஆரன் அடிக்கும். அக்கா தலையை வாரிக்கொண்டே ஓடுவாள். சட்டத்தில் குச்சி குச்சியாகக் கட்டை அடுக்கிவிட்டு இருட்டிய பிறகு திரும்புவாள். அவள் கையில் சோறு வாங்கினால் மருந்து வாடை அடிக்கும் என்று நீ சொல்வாய். உன் பரீட்சைக்குப் பணம் கட்டியது அந்தக் கூலியில்தான். பேப்பரில் நம் நம்பர் வந்த அன்றைக்குக் கம்மாய்க்கரையில் உட்கார்ந்து நீ அழுதது அதற்குத்தான்.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது. பிள்ளைகளை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1996-ல். அக்காவுக்கு அப்போது நாற்பது நெருங்கிவிட்டது.

இப்போது நம் ஊர்ப் பெண்கள் பதினொன்றாம் வகுப்பில் கொடுக்கும் சைக்கிளில் டவுன் பள்ளிக்குப் போகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2022-ல் இருந்து கிடைக்கிறது. சத்துணவு சமைக்கும் அம்மாவின் மகள் அந்தப் பணத்தில் பி.எஸ்சி. படிக்கிறாள். வேதியியல். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அக்கா ஞாபகம்தான். இருந்தாலும் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். காலையில் மஞ்சள் வேன்கள் நம் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

மலரில் படித்து முடித்தவர்கள் பட்டியலை மட்டும் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாதியில் நின்றவர்களும் இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். அவர்களுக்கென்று நாலு பக்கம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன், தலைமையாசிரியையும் சரி என்றார். யார் பெயரையும் கேட்காமல் போட மாட்டேன். அதனால்தான் போனில் பேசாமல் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அக்காவின் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அடுத்த முறை அவளைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோய்க் காட்டு. கண்ணாடி போட்டுப் படிக்கச் சொல், எட்டாவது வரி. சம்மதம் என்றால் அவள் சொல்லச் சொல்ல நீயே எழுதி அனுப்பு. வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுவோம், மேலே கேட்காதே. தை பிறப்பதற்குள் தெரிந்தால் போதும்.

உன்
மூன்றாவது பெஞ்சு நண்பன்