எழும்பூர் அருங்காட்சியகம்: கண்காட்சியும் வழிகாட்டியும் ஒரே திட்டமாக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் பழைய தலைமுறையினர் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், விலங்குக் காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் அழைத்ததைத் தங்கள் வாசகர்களில் பலர் அறிந்திருப்பார்கள். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தாம். 1851-இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் அதன் வளாகத்திலேயே வளர்க்கத் தொடங்கிய விலங்குகள், சென்னையின் பீப்பிள்ஸ் பார்க் பூங்கா வழியாக 1985-இல் வண்டலூருக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே யானையையும் புலியையும் காட்ட யாரும் தேவைப்படவில்லை. எழும்பூரிலோ அசையாமல் நிற்கும் ஒரு செப்புத் திருமேனியின் முன்னால் ஒரு குழந்தையை ஐந்து நிமிடம் நிறுத்தி வைக்க ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதரைப் பற்றித்தான் இக்கடிதம்.

நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. ஆண்டுதோறும் மாணவிகளை அழைத்துக்கொண்டு அங்கே போயிருக்கிறேன். ஒரு முறை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுடன் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் நின்று, வலப்பாதி சிவன், இடப்பாதி உமை என்று பாடம் சொல்லி முடித்து, அடுத்த படிமத்துக்கு நகர முயன்றபோது, பின்வரிசையில் இருந்த ஒருத்தி, “டீச்சர், மூணு கைதானே இருக்கு? ஒண்ணு உடைஞ்சு போச்சா?” என்று கேட்டாள். எத்தனையோ முறை பார்த்த திருமேனியில் நான் கைகளை எண்ணியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உடனே சொல்ல எனக்குப் பதில் வரவில்லை. இன்னொரு பெண் சுற்றியிருந்த சிவன் திருமேனிகளையும் அம்மன் திருமேனிகளையும் பார்த்துவிட்டு வந்து, சிவனுக்கு நான்கு கை, அதில் பாதி இரண்டு, அம்மனுக்கு இரண்டு கை, அதில் பாதி ஒன்று என்று கணக்கை முடித்து வைத்தாள். அதன் பிறகு அவர்கள் தாங்களாகவே பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் தொடையோடு நின்றுவிடும் ஆடை மறுபக்கம் கணுக்கால்வரை இறங்குவதையும், இடப்பக்க இடை மட்டும் வளைந்து ஒதுங்குவதையும் எனக்கு அவர்கள்தான் காட்டினார்கள். அன்று நாங்கள் அந்தக் கூடத்தில் பார்த்தது ஒரே ஒரு திருமேனி. வீடு திரும்பும் பேருந்தில் யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு எப்படிப்பட்ட கண்காட்சித் திட்டம் பொருந்தும் என்று யோசிக்கிறேன். நம் நாட்டில் கண்காட்சி என்றால் பொதுவாகப் பெரிய தலைப்பு, நூற்றுக்கணக்கான பொருள்கள், ரிப்பன் வெட்டும் விழா, ஒரு மலர் வெளியீடு என்று பொருள் கொள்கிறோம். அதை விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும் என்பது எல்லாம் முடிந்த பிறகு நினைவுக்கு வரும். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே என் கோரிக்கை. நான்கைந்து பொருள்களை மட்டும் வைத்துச் சிறு கண்காட்சிகளை ஆண்டுக்கு மூன்று நான்கு முறை நடத்தலாம். அந்தந்தக் கண்காட்சிக்கென்றே தன்னார்வ வழிகாட்டிகளை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, காப்பாட்சியர்கள் (அருங்காட்சியகப் பொருள்களின் பொறுப்பாளர்கள்) பொருள்களைத் தேர்வு செய்யும் நாளிலிருந்தே அவர்களையும் உடன் வைத்துப் பயிற்றலாம்.

என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் ஒரு கண்காட்சியைச் சொல்கிறேன். மேலே குறிப்பிட்ட அர்த்தநாரீசுவரர் மண்ணிலிருந்து கிடைத்த அதே திருவெண்காட்டில்தான், இன்று தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கும் ரிஷபவாகனரும், சிவன் உமையை மணக்கும் கோலமான கல்யாணசுந்தரரும் கிடைத்தார்கள். பாம்புகளையே தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, இப்போது இல்லாத ஒரு காளையின் மேல் கையை ஊன்றியபடி நிற்கும் அந்த ரிஷபவாகனர், முதலாம் இராசராசன் காலத்தில், 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தவர் என்பது கோயில் கல்வெட்டைக் கொண்டு கணிக்கப்பட்டது. ஓர் ஊரின் திருமேனிகள் இரண்டு நகரங்களில் பிரிந்து நிற்கின்றன. மூன்றே மாதங்களுக்கு அவற்றை எழும்பூரில் ஒரே அறையில் சேர்த்து நிறுத்தினால், ஒரே வட்டாரத்துச் சிற்பிகளின் கை எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுகிறது என்பதை எவரும் நேரில் காணலாம். அதன்பின் அதே கண்காட்சி தஞ்சைக்குப் போகட்டும். மூலப் பொருள்கள் பயணம் செய்யக்கூடாது என்று பாதுகாப்பு வல்லுநர்கள் கருதினால் அவர்கள் சொல்லே முடிவாக இருக்க வேண்டும். வெண்கலத்தைத் தாக்கும் பச்சை நோயைக் குணப்படுத்துவதற்கென 1930-இலேயே வேதியியல் ஆய்வகம் அமைத்த அருங்காட்சியகம் அது, இதில் அவர்களுக்கு நாம் பாடம் சொல்லத் தேவையில்லை. அப்படியானால் சுவாமிமலை ஸ்தபதிகளைக் கொண்டு தரமான நகல்களை வார்த்து வாங்கலாம். பார்வையற்றவர்கள் கையால் தடவி அறிவதற்கும் அவை உதவும். ஸ்தபதி ஒருவரையே வரவழைத்து, தென்னங்கீற்றை மடித்து அளவு குறிக்கும் ஒடியோலையிலிருந்து, தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த உரு, காவிரி வண்டல் பூசிய அச்சு, உலோகம் வார்த்து உடைத்தெடுத்த கரடுமுரடான பிண்டம் என்று ஒவ்வொரு நிலையையும் காட்டச் செய்தால், பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள்.

இன்னொரு கண்காட்சி இதைவிடச் சிறியதாக இருக்கலாம். இத்திருமேனிகளில் பெரும்பாலானவை உலா வருவதற்காகச் செய்யப்பட்டவை. பீடங்களில் காணும் துளைகளும் வளையங்களும் தண்டு செருகித் தூக்கிச் செல்வதற்கானவை. கோயிலில் பட்டும் மாலையும் போக முகம் மட்டுமே நம் கண்ணுக்குக் கிடைக்கும், அருங்காட்சியகத்தில் மட்டும்தான் சிற்பி செய்த முழு உருவமும் தெரிகிறது. திருவாலங்காட்டு நடராசரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் புகைப்படங்களில் மட்டுமே கண்டு வியந்து எழுதிய திருமேனி அது. நாட்காட்டியிலும் கல்யாண மண்டப வாசலிலும் நாம் பார்த்துப் பழகிய தீச்சுடர் வளையமும் விரிசடையும் அதில் இல்லை. முதல் முறை பார்க்கும் எவருக்கும் ஏதோ குறைகிறது என்று தோன்றும், ஆனால் என்னவென்று உடனே சொல்ல வராது. நல்ல வழிகாட்டி அந்தத் தயக்கத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார். ஆந்திரத்து அமராவதியின் பௌத்தத் தூபியிலிருந்து எழும்பூருக்கு வந்த சிற்பங்களுக்கு இந்த முறை பொருந்தாது. சுவரில் பதிக்கப்பட்ட பலகைகளை இடம் மாற்றுவது எளிதன்று என்பதால், அங்கே வழிகாட்டிதான் மக்களைச் சிற்பத்திடம் அழைத்துச் செல்ல வேண்டும். அதே தூபியின் மற்றொரு பகுதி லண்டனில் இருக்கும் கதையையும் அவர் சொல்லலாம்.

இனி வழிகாட்டிகளைப் பற்றி. இது புதிய யோசனை அல்ல. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 1907-இலேயே ‘டோசென்ட்’ என்ற பெயரில் விளக்குநர்களை நியமித்தது. சிங்கப்பூரில் 1978-இல் தொடங்கிய அருங்காட்சியக நண்பர்கள் அமைப்பு, தன்னார்வலர்களைப் பல மாதங்கள் பயிற்றுவித்த பிறகே பார்வையாளர்கள் முன் நிறுத்துகிறது. நம் நாட்டிலேயே தில்லி தேசிய அருங்காட்சியகம் ‘பத் பிரதர்ஷக்’ என்ற பெயரில் தன்னார்வ வழிகாட்டிகளைக் கொண்டிருக்கிறது. ஆகவே முன்மாதிரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் பயிற்சியைச் சுருக்கி, இரண்டு நாள் பட்டறையும் ஒரு சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிடும் ஆபத்து நம்மிடம் எப்போதும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் (பெயர் வேண்டாம்) ஒரு வழிகாட்டி என் மாணவிகளிடம், எல்லாச் சிலைகளிலும் தங்கம் கலந்திருக்கிறது, உலகச் சந்தையில் இது இத்தனை கோடி, அது இத்தனை கோடி என்று அடுக்கிக்கொண்டே போனார். அன்று முழுவதும் பிள்ளைகள் ஒவ்வொரு சிலைக்கும் விலைதான் கேட்டார்கள். அவரிடம் ஆர்வத்துக்குக் குறைவே இல்லை, பயிற்சிதான் இல்லை.

பயிற்சியில் எதைச் சொல்லக்கூடாது என்பதற்கும் இடம் இருக்க வேண்டும். ஒலிபெருக்கியே இல்லாமல் ஒன்றரை மணி நேரம் முழங்கக்கூடியவர்களுக்கு நம் ஊரில் குறைவில்லை. வேண்டியவர், ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அரை நிமிடம் பேசாமல் காத்திருக்கத் தெரிந்தவர். தலபுராணத்தையும் வரலாற்றையும் பிரித்துச் சொல்லவும், தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு காப்பாட்சியரிடம் கேட்டு வந்து சொல்லவும் அவர் பழக வேண்டும். ஒரு திருமேனி எப்படி அருங்காட்சியகத்துக்கு வந்தது என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தையும், ஏர் முனையிலும் கடைக்கால் குழியிலும் தட்டுப்பட்ட திருமேனிகளின் கதையையும் சொன்னால், பெயர்ப்பலகையில் இருக்கும் ஊர்ப்பெயர் வெறும் எழுத்தாக இருக்காது. அந்த ஊர்க்காரர் ஒருவர் கூட்டத்தில் இருந்துவிட்டால் வழிகாட்டிக்கே புதிய செய்தி கிடைக்கலாம்.

தமிழில் விளக்கம் என்பது சலுகை அன்று, அதுவே அடிப்படையாக இருக்க வேண்டும். ஆங்கிலமும் பிற மொழிகளும் கூடுதலாக இருக்கட்டும். விடுமுறை நாள்களில் வந்து குவியும் குடும்பங்களில் பெரும்பாலோர் பேசும் மொழியில் பேசாத வழிகாட்டியால் அவர்களுக்கு என்ன பயன்? அதேபோல், ‘தன்னார்வம்’ என்ற சொல்லை வைத்து முறையான பணியிடங்களை நிரப்பாமல் விடுவதும் கூடாது. தன்னார்வலர்கள் ஊழியர்களுக்குத் துணையே தவிர மாற்று அல்லர். பேருந்துக் கட்டணமும் மதிய உணவும்கூடத் தராவிட்டால், வசதியும் ஓய்வும் உள்ள என்னைப் போன்றவர்கள் மட்டுமே வருவோம். வியாசர்பாடியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் கல்லூரி மாணவர்கள் வர வேண்டுமானால் அந்தச் சிறு செலவை நிதிநிலைத் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

தொடக்கம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதால், அந்த நாளைப் பயிற்சிக்கு ஒதுக்கினால் கூடங்களில் கூட்டமின்றித் திருமேனிகளின் முன்னிலையிலேயே பழகலாம். சனி, ஞாயிறு காலைகளில் வெண்கலக் கூடத்தில் மட்டும் இருபது பேர் கொண்ட குழுக்களுக்கு நாற்பது நிமிடத்தில் மூன்றே மூன்று படிமங்களைக் காட்டிப் பார்க்கலாம். இது நடக்குமானால் முதல் விண்ணப்பங்களில் என்னுடையதும் இருக்கும். முழங்கால் வலியால் நாற்பது நிமிடம் தொடர்ந்து நிற்க என்னால் இயலாது, எனவே ஒரு மடக்கு நாற்காலிக்கு இப்போதே வேண்டுகோள் வைத்துவிடுகிறேன். என்னோடு வரும் முதியவர்களுக்காக இன்னும் நான்கு வாங்கி வைத்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
பெரம்பூர், சென்னை.