டயர் வாங்கப் போகிற பிள்ளைக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன் டயர் இரண்டிலும் ரோட்டில் படும் பட்டன் முடிந்தேவிட்டது. நீளவாக்கில் ஓடும் பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடு தெரிகிறதே, அதுதான் தேய்மானக் குறி. டயரின் மேல்பரப்பு அந்த மேட்டுக்குச் சமமாக இறங்கிவிட்டால் பள்ளத்தில் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், பல நாடுகளில் சட்டம் பொறுத்துக்கொள்ளும் கடைசி அளவு அது. புதிதாக வாங்கும்போது சுமார் 8 மி.மீ. இருந்திருக்கும். சட்டம் விடுகிறதே என்று கடைசி வரை தேய்ப்பது எனக்குப் பிடிக்காது, 3 மி.மீ.க்குக் கீழே போனாலே மழைத் தண்ணீரை வெளியே தள்ளப் பள்ளத்துக்குத் தெம்பு போதாது, பிரேக் அடித்தால் வண்டி நிற்காமல் தண்ணீர் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். ஆக, இனி தள்ளிப்போடாதே.

அப்புறம் நீ கேட்ட விஷயம். இருப்பதிலேயே விலை குறைந்த டயர் ஒன்று, கடைக்காரர் "80,000 கி.மீ. ஓடும்" என்று சத்தியம் பண்ணிய டயர் ஒன்று, இரண்டில் எது என்று கேட்டிருக்கிறாய். என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நடுவில் போனை வைத்துவிடாமல் படி.

பென்சில் அழிக்கும் ரப்பர் ஞாபகம் இருக்கிறதா, மெத்தென்று இருப்பது நன்றாக அழிக்கும், ஆனால் சீக்கிரம் கரைந்துபோகும், கெட்டியாக இருப்பது வருஷக்கணக்கில் இருக்கும், ஆனால் தாளைத்தான் கிழிக்கும். டயரிலும் பாதிக் கதை இதுதான். ரோட்டைப் பிடிப்பது, நாள்பட உழைப்பது, லேசாக உருண்டு பெட்ரோலை மிச்சப்படுத்துவது, இந்த மூன்றும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கும், ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றில் குறையும். 1990களிலிருந்து கரித்தூளோடு சிலிக்காவும் ரப்பரில் கலக்க ஆரம்பித்த பிறகு இந்த இழுபறி ஓரளவு குறைந்தது, ஈர ரோட்டில் பிடிப்பையும் விடாமல் லேசாகவும் உருளுகிற டயர் செய்ய முடிந்தது. ஆனால் அந்தக் கலவைக்கும் அதைப் பதமாகப் பிசைவதற்கும் செலவு ஆகும். படுமலிவான டயரில் கம்பெனி மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், காய்ந்த ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் உனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, முதல் மழையில் சிக்னலில் பிரேக் அடிக்கும்போதுதான் தெரியும்.

சரி, கடையில் நின்றுகொண்டு இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது? டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கிறது, குனிந்து படிக்க வேண்டியதுதான். உன் வண்டியில் 195/65 ஆர்15 91எச் என்று இருக்கிறது. அகலம் 195 மி.மீ., பக்கவாட்டின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம், 91 என்பது ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும் என்பதற்கான எண், எச் என்றால் 210 கி.மீ. வேகம் வரை. இந்த அளவை மாற்றாதே. "கொஞ்சம் அகலமாகப் போட்டால் லுக்காக இருக்கும்" என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும். சுமை எண்ணும் வேக எழுத்தும் கம்பெனி கொடுத்ததற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையவே கூடாது.

அதே பக்கவாட்டில் டிஓடி என்று ஆரம்பிக்கும் ஒரு நீள வரிசை இருக்கும், கடைசி நான்கு இலக்கத்தைப் பார். 2325 என்றால் 2025ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. சில டயரில் இந்த நான்கு இலக்கம் ஒரு பக்கம்தான் இருக்கும், மறுபக்கம் திருப்பச் சொல். நன்றாகக் கழிவு தருகிறார்கள் என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு வருஷத்துக்குள் செய்ததாக இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன், மூன்று வருஷம் கிடங்கில் கிடந்ததென்றால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம். ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயசாகும். பத்து வருஷம் ஆன டயரைப் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடச் சொல்கிறார்கள், ஐந்து வருஷத்துக்கு மேல் வருஷா வருஷம் காட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

இப்போது அந்த 80,000 கதைக்கு வருவோம். அமெரிக்க விதிப்படி டயரில் ட்ரெட்வேர் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், 300, 400, 600 என்று. டெக்சாஸில் சுமார் 640 கி.மீ. நீளமுள்ள ஒரு சுற்றுப்பாதையில் 11,500 கி.மீ. போல ஓட்டி, கூடவே ஓடும் ஒரு மாதிரி டயரோடு ஒப்பிட்டு, அதிலிருந்து கணக்குப் போட்டு எடுக்கும் எண் அது. 400 போட்டது 200 போட்டதைப்போல இரண்டு மடங்கு உழைக்கும் என்பது எண்ணம். சோதனை முடிவை வைத்து எண்ணைப் போடுவது டயர் கம்பெனியேதான், அதனால் ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட இந்த எண் நன்றாக உதவும், வேறு வேறு கம்பெனி என்றால் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்திலேயே ட்ராக்‌ஷன் என்று ஏஏ, ஏ, பி, சி எழுத்து இருக்கும். ஈரமான ரோட்டில் நேராகப் போகும்போது பிரேக் பிடிப்பதை மட்டும் அளந்தது அது, வளைவில் எப்படிப் பிடிக்கும், தேங்கிய தண்ணீரில் எப்படிப் போகும் என்று அந்த எழுத்து சொல்லாது. ஏ எழுத்துக்குக் கீழே இறங்காதே.

ஐரோப்பிய லேபிள் ஒட்டிய டயர் கிடைத்தால் இன்னும் சுலபம், ஈரப் பிடிப்புக்கு ஏ முதல் இ வரை எழுத்து, எரிபொருளுக்கும் அதேபோல, சத்தத்துக்கு டெசிபல். வேடிக்கை என்னவென்றால் எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கு அதில் எழுத்தே கிடையாது! ஆகவே ஈரப் பிடிப்பை அங்கே பார், தேய்மானத்தை ட்ரெட்வேர் எண்ணில் பார், இரண்டையும் சேர்த்து நீயே முடிவு பண்ணு. 80 கி.மீ. வேகத்தில் முழு பிரேக் அடித்தால் ஒரு எழுத்து வித்தியாசத்துக்கே சில மீட்டர் தள்ளித்தான் வண்டி நிற்கும், முன்னால் போகிறவன் பம்பருக்கும் உனக்கும் நடுவில் அந்தச் சில மீட்டர்தானே இருக்கிறது.

ட்ரெட்வேர் எண் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்பாய். நீ வருஷத்துக்கு எவ்வளவு ஓட்டுகிறாய் என்று முதலில் பார். ஆபீஸ், கடை, எப்போதாவது ஒரு நீளப் பயணம், எல்லாம் சேர்த்து 8,000 கி.மீ. தாண்டாது என்று நீயே எழுதியிருக்கிறாய். 80,000 ஓடும் டயரை நீ வாங்கினால் அது தேய்ந்து முடிய பத்து வருஷம் ஆகும், அதற்குள் ரப்பர் இறுகி, பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விட்டுவிடும். உழைப்புக்காகப் பிடிப்பை விட்டுக்கொடுத்தாய், கடைசியில் அந்த உழைப்பையும் வாங்கிக்கொள்ள முடியவில்லை. உன் ஓட்டத்துக்கு 45,000, 50,000 போதும், அதற்கு மேல் கொடுக்கும் காசை ஈரப் பிடிப்பில் போடு. தினமும் நூறு கி.மீ. ஓட்டுகிறவன் என்றால் நானே வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

மலிவு டயர் ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. ஒரு டயர் 100, இன்னொன்று 150 என்று வைத்துக்கொள். முதலாவது 25,000 கி.மீ. ஓடும், இரண்டாவது 45,000 ஓடும். ஆயிரம் கி.மீ.க்கு முதலாவதற்கு 4 ஆகிறது, இரண்டாவதற்கு 3.33. மாட்டுகிற கூலி, பேலன்சிங், புது வால்வு எல்லாம் ஒவ்வொரு முறையும் தனி, அதையும் சேர்த்தால் மலிவு இன்னும் அடிபட்டுப்போகும். உங்க அப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், பெரிய பெயர் இருந்தால் போதும், அதனால்தான் இந்த வீட்டில் டயர் வாங்குவது என் வேலையாக இருக்கிறது. பெரிய பெயருக்கும் முன்பின் தெரியாத பெயருக்கும் நடுவில் ஒரு வரிசை இருக்கிறது, பெரிய கம்பெனிகளே நடத்தும் துணை பிராண்டுகள். பிரிட்ஜ்ஸ்டோனுடைய ஃபயர்ஸ்டோன், மிஷெலினுடைய பிஎஃப்குட்ரிச், ஹான்குக்குடைய லாஃபென், இந்த மாதிரி. எல்லா மாடலும் நன்றாக இருக்கும் என்று சொல்லவில்லை, தேட ஆரம்பிக்கிற இடம் இது என்கிறேன். உன் அளவில் இரண்டு மூன்று மாடல் எடுத்து, வாகனப் பத்திரிகைகளும் மோட்டார் சங்கங்களும் நடத்துகிற ஈரப் பிரேக் சோதனையில் எப்படி வந்தன என்று பார்த்துவிட்டுப் போ. யாரோ பாதி ஓட்டிக் கழற்றிய பழைய டயரை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதே, உள்ளே நரம்பு அறுந்திருந்தால் வெளியே தெரியாது.

இப்போதைக்கு இரண்டுதான் மாற்ற முடியும் என்றால் மாற்று, அதில் தப்பில்லை, ஆனால் புது டயர் இரண்டும் பின்னால் போக வேண்டும், இப்போது பின்னால் இருக்கிற இரண்டும் முன்னால் வர வேண்டும். முன் சக்கரம்தானே வண்டியை இழுக்கிறது, புதுசை முன்னால் போடு என்று கடைப்பையன் வாதாடுவான். முன் டயர் வழுக்கினால் வண்டி வளையாமல் நேராகப் போகப் பார்க்கும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கட்டுக்கு வந்துவிடும். பின்னால் வழுக்கினால் வண்டியே சுற்றிக்கொண்டுவிடும், பழக்கமில்லாத கை அதைத் திருப்பிப் பிடிக்காது. ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே டயர்தான் இருக்க வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு இந்தச் சலுகையெல்லாம் இல்லை, உன்னுடையது அப்படியில்லாதது நல்லதாகப் போயிற்று.

ஒன்று கவனித்தாயா, உன் இடது முன் டயரில் உள் ஓரம் மட்டும் மொட்டையாகி இருக்கிறது. டயர் கெட்டதென்று அந்தக் கம்பெனியைத் திட்டியிருக்கிறாய், பாவம், அது அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கும் கோணம், தப்பியதால் வந்த வேலை. இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரம் சாய்ந்தோ திரும்பியோ ஓடியிருக்கிறது. பட்டன் மேல் உள்ளங்கையை வைத்து வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை, உள்ளிருந்து வெளியே ஒருமுறை தடவிப் பார். ஒரு பக்கம் வழவழவென்று போய் மறுபக்கம் ரம்பப் பல் மாதிரி தட்டினால் அதுவும் அலைன்மென்ட்தான். இதைச் சரிபார்க்காமல் புது டயர் போட்டால் பழைய கதையே திரும்ப நடக்கும், மாட்டுகிற அன்றைக்கே பார்த்துவிடு.

காற்று எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் அந்தச் சட்டத்தில் ஒட்டியிருக்கும், இல்லையென்றால் பெட்ரோல் மூடிக்குள் இருக்கும். டயரில் "மேக்ஸ்" என்று எழுதியிருப்பது அது தாங்கும் எல்லை, அந்த அளவுக்கு நிரப்பிவிடாதே. மாதம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார். குளிர் வந்து 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் காற்றழுத்தம் 1.5 முதல் 2 பிஎஸ்ஐ வரை தானாகவே குறையும். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போடச் சொல்.

புது டயர் முதல் சில நூறு கி.மீ. கொஞ்சம் வழுக்கும், டயரை வார்த்த அச்சிலிருந்து வந்த பூச்சு போக வேண்டும், அதுவரை அவசரப்படாதே. 50 கி.மீ. ஓடியதும் ஒருமுறை நட்டு இறுக்கம் பார்க்கச் சொல். பக்கவாட்டில் "அவுட்சைட்" என்றோ அம்புக்குறியோ இருந்தால் அதன்படி மாட்டியிருக்கிறார்களா என்று நீயே சுற்றிவந்து பார்த்துவிட்டு அப்புறம் காசு கொடு.

எந்த மாடல் என்று முடிவானதும் பக்கவாட்டின் போட்டோ அனுப்பு, நான்கு இலக்கம் தெரிகிற மாதிரி. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியின் தேதியையும் ஒரு போட்டோ எடு, அது வண்டி வாங்கிய நாளிலிருந்து அங்கேயேதான் கிடக்கிறது.

அன்புடன்,
அம்மா