நகர்ப்புறப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு உடனிருந்து வழிகாட்டும் பயிற்சி வேண்டி மனு

அனுப்புநர்:
நகர்ப்புற அரசுப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள்

பெறுநர்:
பள்ளிக்கல்வி இயக்குநர் அவர்கள்

பொருள்: புதிதாகப் பொறுப்பேற்கும் நகர்ப்புறத் தலைமையாசிரியர்களுக்குத் தனி வழிகாட்டியை நியமிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தலைமையாசிரியர் பொறுப்புக்கு வருபவர்களில் பெரும்பாலோர் வகுப்பறையில் பல ஆண்டுகள் சிறப்பாகப் பணியாற்றியவர்கள். ஆனால் பாடம் நடத்தக் கைகொடுத்த திறமையைக் கொண்டு மட்டும் ஓர் ஆசிரியர் குழுவை வழிநடத்திவிட முடிவதில்லை. பிழைப்புக்காக இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டின் நடுவே சேர்வதும் விலகுவதும், வெவ்வேறு தாய்மொழி பேசும் மாணவர்கள் ஒரே வகுப்பில் அமர்ந்திருப்பதும், ஆசிரியர்கள் அடிக்கடி மாறுவதும் நகரத்துப் பள்ளிகளில் அன்றாட நிலைமை. பொறுப்பேற்கும்போது நடத்தப்படும் பயிற்சி முகாமில் விதிகளும் பதிவேடுகளும் கற்பிக்கப்படுகின்றன, அவையும் தேவைதான். ஆனால் முகாம் முடிந்தபின் தலைமையாசிரியர் தனித்து விடப்படுகிறார்.

பள்ளி சார்ந்த காரணிகளுள் மாணவரின் கற்றலைப் பாதிப்பதில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் பள்ளித் தலைமைக்கே உரியது என, கல்வி ஆய்வாளர் கென்னத் லீத்வுட் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு எடுத்துக்காட்டியது. ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் ஆகியோர், பயிற்சியில் கற்றது வகுப்பறைக்குப் போய்ச்சேர வேண்டுமானால் பணியிடத்திலேயே தொடர்ந்த வழிகாட்டுதல் வேண்டும் என்று 1980களிலேயே வலியுறுத்தினர். தலைமையாசிரியருக்கும் இது பொருந்தும் என்பதே எங்கள் அனுபவம். நியூயார்க் நகரில் 2003-இல் தொடங்கப்பட்ட பள்ளித் தலைமைக்கான பயிற்சி நிறுவனம், புதிய தலைமையாசிரியர்களுக்கு வழிகாட்டிகளை அளித்து வந்தது.

வழிகாட்டி செய்வது என்ன என்பதை ஒரு சூழலைக் கொண்டு விளக்க விரும்புகிறோம். தலைமையாசிரியர் ஒரு கணித வகுப்பைப் பார்வையிட்டு, பின்னர் அந்த ஆசிரியரை அழைத்துப் பேசுகிறார். வழிகாட்டி குறுக்கிடாமல் ஓரமாக அமர்ந்து குறிப்பெடுக்கிறார். ஆசிரியர் சென்றபின், "பத்து நிமிடத்தில் அவர் எவ்வளவு நேரம் பேசினார், நீங்கள் எவ்வளவு நேரம் பேசினீர்கள்? பின்தங்கிய மாணவர்களுக்கு நாளை அவர் என்ன செய்யப்போகிறார் என்பது முடிவானதா?" என்று கேட்கிறார். விடையை அவரே சொல்லிவிடுவதில்லை. அடுத்த உரையாடலைத் தலைமையாசிரியர் எப்படித் தொடங்குவது என்று இருவரும் ஒத்திகை பார்க்கிறார்கள்; அடுத்த முறை வரும்போது அது எப்படி நடந்தது என்பதிலிருந்து பேச்சு தொடங்குகிறது. எந்த முகாமிலும் இதைக் கற்றுத்தர இயலாது.

ஆகவே, புதிதாகப் பொறுப்பேற்கும் ஒவ்வொரு நகர்ப்புறத் தலைமையாசிரியருக்கும் முதல் இரண்டு ஆண்டுகளேனும், இரு வாரங்களுக்கு ஒருமுறை பள்ளிக்கே வரும் வழிகாட்டி ஒருவரை நியமிக்குமாறு வேண்டுகிறோம். ஆய்வு அலுவலர்களிடம் இப்பணியைக் கூடுதல் பொறுப்பாக ஒப்படைக்க வேண்டாம் என்பது எங்கள் அழுத்தமான கோரிக்கை. தம்மை மதிப்பிட்டு அறிக்கை எழுதப்போகிறவரிடம் எந்தத் தலைமையாசிரியரும் தம் தடுமாற்றத்தை மனம்விட்டுச் சொல்லமாட்டார். இருவருக்கும் இடையிலான உரையாடல் பணிப்பதிவேட்டிலோ பதவி உயர்விலோ இடம்பெறாது என்பதையும், மாணவர் பாதுகாப்பு தொடர்பானவை மட்டுமே அதற்கு விதிவிலக்கு என்பதையும் ஆணையிலேயே தெளிவுபடுத்த வேண்டும். நகரப் பள்ளிகளை நடத்தி ஓய்வுபெற்றவர்கள் இதற்கு ஏற்றவர்கள்; எனினும், அனுபவம் மிக்கவர்களுக்கும் அறிவுரை சொல்லும் பழக்கத்தை விட்டு, கவனித்துக் கேட்கத் தனிப்பயிற்சி தேவை. வழிகாட்டி வரும் நாளில் தலைமையாசிரியரைக் கூட்டங்களுக்கு அழைக்காதிருக்கவும் ஆவன செய்ய வேண்டும்.

இக்கோரிக்கையை வரும் கல்வியாண்டுக்கு முன்பே பரிசீலித்து ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
தலைமையாசிரியர்கள்