அந்த மூடியைத் தொடாதே என்று ஏன் சொன்னேன்

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது, பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி வருகிறது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றட்டுமா என்று நீ கேட்டபோது, "தொடாதே, தள்ளி நில்" என்று மட்டுமே சொன்னேன். என் குரலில் இருந்த கடுமை உன்னைச் சுட்டிருக்கும். வண்டியைப் பட்டறைக்கு இழுத்துச் சென்றுவிட்டார்கள், நீ வீடு சேர்ந்துவிட்டாய் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது. அப்போது சொல்ல முடியாத காரணத்தை இப்போது முழுமையாக எழுதுகிறேன். அந்த ஒரு மூடியைப் புரிந்துகொண்டால் வண்டியில் பாதியைப் புரிந்துகொண்ட மாதிரிதான்.

எஞ்சினுக்குள் நடப்பது அடிப்படையில் ஒரே வேலை: சிறு சிறு நெருப்புகளை வரிசையாகப் பற்றவைப்பது. சிலிண்டர் என்ற உருளைக்குள் பிஸ்டன் என்ற உலோகக் கட்டை கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன. அது மேலே ஏறும்போது அந்தக் கலவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்படுகிறது. அந்த நேரத்தில் ஸ்பார்க் பிளக் ஒரு பொறியைப் போட, எரிந்து விரியும் வாயு பிஸ்டனைக் கீழே உதைத்துத் தள்ளுகிறது. அடுத்த முறை அது மேலே வரும்போது புகை வெளியேறுகிறது. இந்த நான்கு வீச்சுகளில் வண்டியை நகர்த்தும் வலு கிடைப்பது மூன்றாவதில் மட்டும்தான். மற்ற மூன்றும் அதற்கான ஏற்பாடுகள். இந்த முறையில் இயங்கும் எஞ்சினை நிக்கோலஸ் ஓட்டோ 1876ஆம் ஆண்டு ஜெர்மனியில் இயக்கிக் காட்டினார். உன் வண்டியின் எஞ்சினும் அதே வரிசையில்தான் ஓடுகிறது. டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. காற்றை மட்டும் இன்னும் அதிகமாக நெருக்கி, அந்த நெருக்கத்தில் எழும் சூட்டிலேயே டீசலைப் பற்றவைத்துவிடுகிறார்கள்.

பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைக் கனெக்டிங் ராடு வாங்கி, கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியாக மாற்றுகிறது. சைக்கிள் மிதிக்கும்போது உன் முழங்காலும் பெடலும் செய்யும் வேலைதான் அது. கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது, காற்றையும் புகையையும் விடும் கதவுகளான வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இந்த இரண்டையும் பிணைப்பது டைமிங் பெல்ட் அல்லது செயின். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் திறந்திருக்கும் வால்வைப் பிஸ்டன் மேலே வந்து இடித்துவிடும். ஆகவே உன் வண்டியில் இருப்பது பெல்ட் என்றால், கையேட்டில் குறித்திருக்கும் கிலோமீட்டரில் மறக்காமல் மாற்றிவிடு.

இப்போது சூட்டுக்கு வருகிறேன். எரியும் அந்தக் கணத்தில் சிலிண்டருக்குள் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. பிஸ்டனோ அலுமினியக் கலவையால் ஆனது. தூய அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை இந்த நெருப்பு எழுகிறது. அப்படியிருந்தும் பிஸ்டன் உருகாமல் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு நெருப்பும் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகவே நீடிக்கிறது என்பதும், அடுத்த நெருப்பு எழுவதற்குள் முந்தையதன் சூட்டை ஆயிலும், குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டும் சுமந்து போய்விடுகின்றன என்பதும்தான். நீ போடும் பெட்ரோலின் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான், பல வேளைகளில் அதைவிடக் குறைவாகத்தான், வண்டியை நகர்த்துகிறது. மீதியில் பெரும்பகுதி சூடாகச் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியே போக வேண்டும். போகாவிட்டால் அது எஞ்சினைத் தின்னத் தொடங்கும்.

அந்தச் சூட்டைச் சுமக்கும் கூலன்ட், வாட்டர் பம்ப் தள்ளிவிட, சிலிண்டர்களைச் சுற்றியுள்ள பாதைகளில் ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு, ரேடியேட்டருக்குப் போய் அதன் மெல்லிய குழாய்களில் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, மறுபடி எஞ்சினுக்குத் திரும்புகிறது. நடுவில் தெர்மோஸ்டாட் என்ற சிறிய வால்வு நிற்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும் வரை அது ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைத்திருக்கும். கூலன்ட் சுமார் 90 டிகிரிக்கு வந்ததும், அதற்குள் இருக்கும் மெழுகு உருகி விரிந்து வழியைத் திறந்துவிடும். மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம், ஒரு துளி மெழுகு போதும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு வியப்புக் குறையாத பொருள் அது.

இனி மூடி. நாம் கடையில் வாங்கும் பாட்டிலை மூடுவதுபோல வெறுமனே அடைப்பதற்காக அது வைக்கப்படவில்லை. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் இன்னொரு மடங்கை மூடி உள்ளே தாங்கிப் பிடித்தால், அதே தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். சூடேறிய உன் எஞ்சினில் இருந்தது அப்படி அடக்கிவைக்கப்பட்ட, 100 டிகிரியைத் தாண்டிய திரவம். நீ மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய்விடும். திரவத்தின் ஒரு பகுதி அந்தக் கணமே ஆவியாக மாறும். ஆவியாகும் தண்ணீர் சுமார் 1,600 மடங்கு இடத்தைக் கேட்கும். அந்த ஆவி மீதிக் கொதிநீரையும் வாரிக்கொண்டு மேலே சீறும். அதன் நேர்வழியில் இருந்திருப்பது குனிந்து பார்த்துக்கொண்டிருந்த உன் முகம். அதனால்தான் குரலை உயர்த்தினேன்.

ஆறாத எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் தவறு. சூடான உலோகத்தின் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கி வெடிப்பு விடலாம். முள் ஏறத் தொடங்குவதைப் பார்த்ததும் ஏசியை நிறுத்திவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றையும் முழு வேகத்தில் திருப்பிவிடு. புழுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். அதற்குள் ஓரங்கட்ட இடம் பார்த்து நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அரை மணி நேரமாவது, முடிந்தால் இன்னும் கூடுதலாக, ஆறவிடு. இன்னொன்றையும் நினைவில் வை: சூடு அளக்கும் சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருக்கும். கூலன்ட் முழுவதும் ஒழுகிப் போய்விட்டால் அது வெறும் ஆவியில் தொங்கும், முள் கீழே இறங்கியதுபோலக் காட்டலாம். ஏறிய முள் காரணமில்லாமல் இறங்கினால் நிம்மதி அடையாதே.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது, ஒருநாள் முள் சிவப்புக்குப் போனதைப் பார்த்தும், வீடு பக்கம்தானே என்று ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் பட்டறையில் எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தார்கள். மெக்கானிக் ஒரு நேரான எஃகு அளவுகோலை அதன்மேல் நிறுத்திப் பிடித்து, விளக்கை அந்தப் பக்கம் வைத்து, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். அளவுகோலின் இரு முனைகளும் உலோகத்தில் பொருந்தியிருந்தன. நடுவில் மட்டும் ஓர் ஒளிக்கீற்று, ஒரு தாளின் கனம் இருக்கலாம், அவ்வளவுதான். அந்த இடைவெளி போதும், அம்மா, என்றார். சூட்டில் ஹெட் எனப்படும் அந்தத் தலைப்பகுதி வளைந்து, அதற்கு அடியில் அடைப்பாக இருக்கும் கேஸ்கெட் எரிந்து, கூலன்ட் ஆயிலோடு கலந்திருந்தது. ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினார். தேன்நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில் பால் கலந்தாற்போல் வெளுத்து நுரைத்திருந்தது. உன்னைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு அந்தக் கடைசித் தூரத்தை ஓட்டியதை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஒப்பவில்லை.

ஆயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிராங்க் ஷாஃப்டும் அதைத் தாங்கும் பேரிங்குகளும் ஓட்டத்தில் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவே ஆயில் ஒரு மெல்லிய படலமாக நின்று, முழுப் பாரத்தையும் தாங்குகிறது. ஆயில் பம்ப்பின் அழுத்தம் குறைந்தால் அந்தப் படலம் கிழிந்து, உலோகம் உலோகத்தோடு உரசி, சூடேறி, எஞ்சின் இறுகிப்போய்விடும். ஆகவே ஆயில் கேன் வடிவச் சிவப்பு விளக்கு ஓட்டத்தில் எரிந்தால் அடுத்த ஊர்வரை போகலாம் என்று கணக்குப் போடாதே. பாதுகாப்பாக ஒதுங்க முடிந்த முதல் இடத்தில் எஞ்சினை அணைத்துவிடு. ஆயிலின் அளவைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பார். டிப்ஸ்டிக்கை ஒருமுறை துடைத்து, மறுபடி முழுவதும் இறக்கி எடுத்தால்தான் சரியான அளவு தெரியும். இரு குறிகளுக்கு நடுவே இருந்தால் போதும். மேல்குறியைத் தாண்டி ஊற்றினால் கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை எதையும் தாங்காது.

மஞ்சள் நிறத்தில் எரியும் எஞ்சின் விளக்கு அவ்வளவு அவசரமானது அல்ல. நிலையாக எரிந்தால் சில நாட்களுக்குள் காட்டினால் போதும். மினுக்கினால் மட்டும் உடனே வேகத்தைக் குறைத்து நிறுத்திவிடு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது என்று பெரும்பாலும் பொருள். அது புகைக்குழாயில் நச்சுப்புகையைக் குறைக்க வைத்திருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தச் சல்லடை அதிகச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும்.

பேட்டரி விளக்கு ஓட்டத்தில் எரிந்தால் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரவில்லை என்று அர்த்தம். சில வண்டிகளில் அதைச் சுழற்றும் பெல்ட்டே வாட்டர் பம்ப்பையும் சுழற்றும். அந்த பெல்ட் அறுந்திருந்தால் சிறிது நேரத்தில் சூட்டு முள்ளும் ஏறும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பழகிக்கொள்.

பிரேக்கிலும் சூடுதான் வேலை செய்கிறது. ஓடும் வண்டியின் சக்தி காணாமல் போவதில்லை. பிரேக் பேட், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பிடிக்கும்போது அது முழுவதும் சூடாக மாறுகிறது. வேகம் இரு மடங்கானால் அந்தச் சூடு நான்கு மடங்கு. நீண்ட மலையிறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் பேட்டின் பிடி தளரும். அதைவிட ஆபத்து, பிரேக் ஆயில் கொதித்துவிடுவது. அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரியாவது தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகோ அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். திரவம் நசுங்காது, ஆவி நசுங்கும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். இறக்கத்தில் கியரைக் குறைத்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எரிபொருள் மிச்சம் என்று நினைத்து நியூட்ரலில் மட்டும் இறங்காதே.

எழுதும்போது பெர்த்தா பென்ஸின் நினைவு வருகிறது. கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்கு 1886இல் காப்புரிமை கோரினார். ஆனால் அந்த வண்டி தொலைதூரம் போகும் என்று நிரூபித்தவர் அவர் மனைவி. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டில், கணவருக்குச் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிச் சென்றார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் கட்டைகள் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் பதிக்கச் சொன்னார். எஞ்சினின் சூட்டில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருந்ததால், வழி நெடுக நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. உனக்கு நேற்று வந்த சங்கடம் காரைவிட இளையது அல்ல.

பட்டறையில் கேட்க வேண்டியவற்றையும் குறித்துக்கொள். வெறும் கூலன்ட்டை நிரப்பிவிட்டு, சரியாகிவிட்டது என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. ஒழுகாமல் அது குறையாது. அழுத்தம் ஏற்றி ஒழுக்கைப் பார்த்தார்களா, தெர்மோஸ்டாட் திறக்கிறதா, ரேடியேட்டர் ஃபேன் சூட்டில் சுழல்கிறதா, மூடியின் ரப்பர் இறுகிப்போயிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேள். டிப்ஸ்டிக்கை நீயே உருவிப் பார். முள் சிவப்பைத் தொட்டதும் நீ நிறுத்திவிட்டதால் ஹெட் தப்பியிருக்கும் என்றுதான் நம்புகிறேன்.

வண்டி வந்த மறுநாள் காலை, எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது, கூலன்ட் தொட்டியில் திரவம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எனக்குச் சொல். ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் மறுபடி பார்த்துச் சொல்.

அன்புடன்,
அம்மா