ஹைட்ரோகார்பனைத் தடுத்தோம், பிளாட்டை விட்டுவிட்டோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாபநாசம் தாலுகாவில் எட்டு மா நஞ்சையில் சாகுபடி செய்கிறேன் (மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்). எங்கள் வயலுக்குக் கீழண்டை இருந்த ஒரு வேலி (இருபது மா) நிலத்தை இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கியவர்கள், லாரி லாரியாகக் கிராவல் அடித்து, எங்கள் வரப்பைவிட மூன்றடி மேடாக்கி, வீட்டுமனை போட்டு மஞ்சள் கல் நட்டுக் கலர் கொடி கட்டிவிட்டார்கள். விற்றவரை நான் குறை சொல்லமாட்டேன். இரண்டு பெண்கள், கூட்டுறவுக் கடன், நடவுக்கு ஆள் கிடையாது. அவர் நிலைமையில் நானும் விற்றிருப்பேனோ என்னவோ.

சரி, அவர் நிலம், அவர் விற்றார், நமக்கென்ன என்றுதான் இருந்தேன். ஐப்பசி மழையில்தான் புரிந்தது. எங்கள் பங்காளி வயல் எல்லாவற்றுக்கும் தண்ணீர் வடிவது அந்த நிலத்தை ஒட்டிப் போகும் வடிகாலில். ஆள் இறங்கினால் இடுப்பளவு ஆழம். மனைக்கு ரோடு போடுகிறோம் என்று அதில் முக்கால் அடி சிமெண்ட் குழாய் ஒன்றைப் போட்டு மேலே மண்ணைத் தள்ளிவிட்டார்கள், குழாய் வாயில் வெங்காயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டது. நட்டு இருபது நாளான சி.ஆர்.1009 நெல் ஐந்து நாள் தண்ணீருக்குள்ளேயே கிடந்தது. ஆறாம் நாள் ஒரு குத்தைப் பிடித்து இழுத்தேன், அப்படியே கையோடு வந்தது, வேரெல்லாம் கறுத்து அழுகல் நாற்றம். மனு கொடுக்கப் போனால் ஒரு அலுவலகத்தில் வடிகால் எங்கள் பொறுப்பில் இல்லை என்றார்கள், இன்னொன்றில் மனைக்குத்தான் அப்ரூவல் இருக்கிறதே என்றார்கள்.

2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தபோது நாங்கள் வெடி வெடித்துக் கொண்டாடினோம். தஞ்சை, திருவாரூர், நாகை, அப்புறம் கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்கள். எண்ணெய், எரிவாயு, மீத்தேன் எடுக்க, செம்பு, துத்தநாக உருக்காலை வைக்க இனி புதிதாக அனுமதி இல்லை. நல்ல சட்டம்தான். ஆனால் அந்தத் தடைப் பட்டியலில் மனைப்பிரிவு இல்லை! எண்ணெய்க் கிணறு தோண்ட வந்தால் ஊரே திரண்டு நிற்கிறது, கிராவல் லாரி வந்தால் டிரைவருக்கு வழி காட்டி அனுப்புகிறோம்.

அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது, மறு வருஷமே பழைய மனைகளைப் பணம் கட்டி வரன்முறை செய்துகொள்ள அரசு விதி கொண்டுவந்தது. இப்போது நஞ்சையை மனையாக மாற்ற வேளாண் துறை, கலெக்டர் என்று பல மேசைகளைத் தாண்டித்தான் போக வேண்டும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பார்ப்பதெல்லாம் விற்கிற சர்வே எண்ணை மட்டும். மேல்வயல் தண்ணீர் எந்த வழியாக வடியும் என்று யார் கேட்டார்கள்? ஒரு வேலி மேடானால் அதற்கு மேலே நாலு வேலி ஊறிப்போகிறது. இரண்டு சம்பா போனால் அவர்களும் தரிசாகப் போடுவார்கள், தரிசு நிலத்துக்கு மனை அனுமதி வாங்குவது எவ்வளவு சுலபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரில் இப்போதே ஒருவர் விலை பேசிக்கொண்டிருக்கிறார்.

நான் கேட்பது அதிகமில்லை. டெல்டாவில் மனைப்பிரிவுக்கு மனு வந்தால் அக்கம்பக்கத்து நிலக்காரர்களுக்கு நோட்டீஸ் கொடுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு அதிகாரி கிராம வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் தலைப்பிலிருந்து வடிகால் கடைசி வரை நடந்து பார்க்கட்டும். ரோடு போட்டே ஆக வேண்டுமென்றால் குழாய் வேண்டாம், வடிகாலின் முழு அகலத்துக்குப் பாலம் கட்டட்டும். அந்த 2020 சட்டத்தின் பட்டியலில் மனைப்பிரிவையும் சேர்க்கச் சொல்லி உங்கள் பத்திரிகையாவது எழுதட்டும்.

வருகிற ஐப்பசியில் நாலு நாள் மழை பெய்த பிறகு உங்கள் நிருபரை அனுப்புங்கள், நான் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், வரப்பு வழுக்கும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
பாபநாசம் தாலுகா, தஞ்சாவூர் மாவட்டம்.