கிராவல் ரூட் போடுறவங்களுக்கு ஒரு மடல்: காட்டுக்குள்ள புதுசா கோடு கிழிக்காதீங்க

வணக்கம். கேஎல் (கோலாலம்பூர்), சிலாங்கூர் பக்கம் ஞாயித்துக்கிழமை ஆனா கிராவல் சைக்கிள, அதான் கல்லு ரோட்டுலயும் மண் ரோட்டுலயும் ஓட்டுற சைக்கிள, எடுத்துட்டுக் கெளம்புற அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி எல்லாருக்கும், முக்கியமா குரூப்புக்கு ரூட் போட்டு ஜிபிஎக்ஸ் ஃபைல், அதான் ரூட் மேப் ஃபைல், அனுப்பி வைக்கிறவங்களுக்கும் எழுதுறேன். நானும் உங்கள்ல ஒருத்தன்தான், நாப்பத்தஞ்சு மில்லிமீட்டர் டயர், டியூப்லெஸ், எல்லாம் அதே பைத்தியம்தான், அதனால வெளியில நின்னு குறை சொல்றவன்னு நெனைச்சுடாதீங்க.

விஷயம் இதுதான். உலு கோம்பாக் பள்ளத்தாக்கு, கெமென்சா பின்பக்கம், கிள்ளான் கேட்ஸ் மலையடிவாரம், இங்கெல்லாம் பழைய மரம் வெட்டுன ரோடு இருக்கு, தண்ணிக் குழாய் போற பாதை இருக்கு, டுரியான் தோட்டத்துக்குப் போற மண் ரோடு இருக்கு. அதுல ஓட்டுறதப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல வரல. ஆனா இப்ப வர்ற ரூட்ல அங்கங்க ஒரு புதுக் கோடு வருது, மேப்புல இல்லாத கோடு, ரெண்டு பழைய பாதைக்கு நடுவுல யாரோ பாராங் கத்தி எடுத்துட்டுப் போயி செடி கொடியெல்லாம் வெட்டித் தள்ளி இறக்கி விட்டிருக்காங்க. ஏன்னு கேட்டா ரூட் லூப்பா வரணுமாம், போன வழியிலயே திரும்பி வந்தா போரடிக்குதாம். அவ்ளோதான் காரணம். ஒரு லூப்புக்காக ஹுத்தான் சிம்பான்ல, அதான் அரசாங்கம் ஒதுக்கி வச்ச காட்டுல, வெட்டுறீங்க.

பழைய பாதைக்கும் இந்தக் கோட்டுக்கும் என்ன வித்தியாசம்னு ஒரு தடவ இறங்கி நின்னு பாருங்க. பழைய ரோடு மலையச் சுத்திச் சுத்தி ஏறும், லாரி போயி மண்ணு இறுகிப் போயிருக்கும், ஓரத்துல தண்ணி வடிய ஒரு கான் மாதிரி வெட்டி விட்டிருப்பாங்க. புதுக் கோடு தண்ணி எந்தப் பக்கம் ஓடுமோ அதே சரிவுல நேரா இறங்குது. அதுல இறங்கும்போது எல்லாரும் பின் பிரேக்க அழுத்திப் புடிப்போம், டயர் உருளாம வழுக்கும், முதல்ல சருகு போகும், அப்புறம் சருகுக்குக் கீழ இருக்குற கருப்பு மண்ணு போகும், நம்ம காட்டுல அந்த கருப்பு மண்ணே விரல் கணக்குலதான் இருக்கும், அதுக்கு அடியில வெறும் செம்மண்ணு. சாயங்காலம் நம்ம ஊரு இடி மழை ஒண்ணு அடிச்சா போதும், டயர் தடம் வாய்க்காலாயிடும். அடுத்த வாரம் வர்றவன் அந்த வாய்க்கால்ல விழுந்துடக் கூடாதுன்னு பக்கத்துல ஓட்டுவான், பாதை அகலமாகும். கெமென்சா மேல ஒரு எறக்கத்துல பார்த்தேன், ஒரு மரத்தோட வேரு மொத்தமும் வெளிய தெரியுது, டயரும் ஷூவும் பட்டுப் பட்டு பட்டை உரிஞ்சு வழவழன்னு இருக்கு, வேருக்கு அடியில கைய விட்டா மணிக்கட்டு வரைக்கும் போகுது, உள்ள மண்ணே இல்ல. அந்த மரம் இன்னும் எத்தனை மழைக்கு நிக்கும் சொல்லுங்க.

கரைஞ்சு போற மண்ணு எங்க போகுது? கோம்பாக் ஆத்துக்கும் கிள்ளான் ஆத்துக்கும்தான். இந்த ரெண்டு ஆறும் மஸ்ஜித் ஜாமெக் கிட்ட சேர்ற எடத்துலதான் கோலாலம்பூரே பொறந்துச்சு. கிள்ளான் கேட்ஸ் அணைக்கட்டு 1958-ல கேஎல் தண்ணிக்காகக் கட்டுனது, அதச் சுத்தி இருக்குற காடு அழகுக்காக விட்டு வச்சது இல்ல, மழைத் தண்ணியப் புடிச்சு வச்சு வடிகட்டிக் குடுக்கத்தான். மேல மண்ணத் தோண்டினா கீழ ஆறு என்ன ஆகும்னு பார்க்கணும்னா கோம்பாக் யுனிவர்சிட்டி வழியா வர்ற சுங்கை பூசுவப் போயிப் பாருங்க, தே தாரிக், அதான் பால் டீ, கலர்லதான் ரொம்ப காலமா ஓடுது. அதுக்குக் காரணம் சைக்கிள் இல்ல, மேல நடந்த பெரிய பெரிய மண் வேலை, அது எனக்கும் தெரியும். ஆனா பெரியவன் பண்றான்னு நாமளும் நம்ம பங்குக்குக் கொஞ்சம் கரைச்சு விடலாமா?

அந்தச் சரிவெல்லாம் எவ்ளோ பலம்னு நெனைக்கிறீங்க. 1995 ஜூன் 30-ந் தேதி ஜென்டிங் செம்பா கிட்ட, ஜென்டிங் ஹைலண்ட்ஸ் ஏறுற ரோட்டுல, மழையில மண்ணும் மரமும் ஒண்ணா உருண்டு வந்து 20 பேரு செத்துப் போனாங்க. 2022 டிசம்பர்ல பத்தாங் காலியில கூடாரம் போட்டுப் படுத்திருந்த இடத்துல மண் சரிஞ்சு 31 பேரு. நம்ம சைக்கிளால மலை சரியும்னு பயமுறுத்துறதுக்காக இதச் சொல்லல, இது எந்த மாதிரி மண்ணு, அடை மழைக்கு அப்புறம் எப்படி இருக்கும்னு சொல்றேன். ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர், இந்த நாலு மாசம்தான் நம்ம பக்கம் மழை ஜாஸ்தி, சரியா அந்த மாசத்துலதான் சில குரூப்பு மழை பெஞ்ச மறுநாள் காலையிலயே சேறு ரைடுன்னு போட்டோ போட்டுக் கொண்டாடுது. தயவு செஞ்சு அத விட்டுடுங்க. ராத்திரி மழைன்னா காலையில பழைய கோம்பாக் தார் ரோட்டுலயே ஏறலாம், அதுவும் காட்டு வழிதான், ஆறு கூடவே வரும், ஏத்தமும் சும்மா இல்ல.

கிள்ளான் கேட்ஸ் குவார்ட்ஸ் மலை பதினாலு கிலோமீட்டருக்கு மேல நீளுது, உலகத்துல வேற எங்கயுமே முளைக்காத செடிங்க அந்தப் பாறை இடுக்குல இருக்கு, காட்டாடு இன்னும் அங்க திரியுது. அந்த அடிவாரத்துல வழி தெரியலன்னு கண்டபடி வெட்டுறவனுக்கு எந்தச் செடிய வெட்டுறோம்னு எப்படித் தெரியும்?

கெப்போங் ஃப்ரிம், அதான் வன ஆராய்ச்சிக் கழகத்துக் காடு, 2025-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்துச்சு. அது ஈயம் தோண்டி, காய்கறி போட்டு மொட்டையாக் கிடந்த நிலம், 1920-கள்ல இருந்து ஒவ்வொரு மரமா நட்டுக் கொண்டு வந்தது. அழிஞ்ச எடத்துல திரும்பக் காடு வர கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆயிருக்கு, அதுவும் ஆராய்ச்சிக்காரங்க கூடவே இருந்து பார்த்துக்கிட்டதால.

இன்னொண்ணு, கோம்பாக் பன்னெண்டாம் கட்டையில (பன்னெண்டாவது மைலு) இருந்து மேல போனா ஒராங் அஸ்லி பூர்வகுடிங்களோட கம்பம், அதான் கிராமம், இருக்கு. நம்ம ரூட் சிலது அவங்க வீட்டு வாசல் வழியா, பழ மரத்துக்கு நடுவுல போகுது. டுரியான் சீசன்ல காலங்காத்தால தெரியாத ஆளுங்க இருபது பேரு லைட்டப் போட்டுக்கிட்டு வந்தா யாருக்குத்தான் புடிக்கும். அவங்க தலைவர் தோக் பாத்தினப் போயிப் பார்த்து, இன்ன நாளு வர்றோம் இத்தன பேருன்னு சொல்லிட்டுப் போங்க. வழி காட்ட அந்தக் கம்பத்து ஆளையே கூப்பிட்டா சம்பளமும் அவங்களுக்குப் போகும், எந்தப் பாதை உண்மையிலயே பழைய பாதைன்னும் நமக்குத் தெரியும். ஹுத்தான் சிம்பான் உள்ள போறதுக்கு முன்னாடி காட்டு இலாகாவுல பெர்மிட் கேளுங்க. 1984 வனச் சட்டம் சும்மா பேருக்கு இல்ல, நாளைக்கு ஒருத்தன் மாட்டுனா எல்லா சைக்கிளுக்கும் சேர்த்துத்தான் கேட்டு போட்டு வழிய அடைப்பாங்க.

அப்ப எங்கதான் ஓட்டுறதுன்னு கேப்பீங்க. கிராவல்ங்கறது காட்டுல கோடு கிழிக்கிற ஆட்டமே இல்லண்ணே. அமெரிக்கா கான்சஸ்ல நடக்குற அன்பவுண்ட் ரேஸ் 200 மைலு, கிட்டத்தட்ட 320 கிலோமீட்டரு, அது பெரும்பாலும் விவசாயிங்க தினம் போற வர்ற கல்லு ரோடு. அந்த மாதிரி ரோடு நம்மகிட்ட இல்லையா? பந்திங், கேரித் தீவு, கோல சிலாங்கூர், ஜெராம், எங்க பார்த்தாலும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் ரோடு. நம்ம தாத்தா பாட்டி ரப்பர் பால் வாளியச் சைக்கிள்ல கட்டி ஓட்டுன ரோடு அது. நம்ம ஆளுங்க இந்த ஊருக்குப் போட்டுக் குடுத்த ரோட்டுல நாமளே ஓட்டாம, காட்டுல போயிப் புதுசு வெட்டுறது எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது. தோட்ட ஆபீஸ்ல ஒரு கடுதாசி குடுத்துக் கேக்கணும், கேட்டுல ஜாகா, அதான் காவல்காரர்கிட்ட பேரு எழுதணும், லாரி வந்தா ஓரங்கட்டணும். செம்பனை மட்டை முள்ளு டயரக் குத்தும், ஓட்டைய அடைக்கிற சீலன்ட் நெறைய ஊத்திக்குங்க, ஒரு ஸ்பேர் டியூபும் வச்சுக்குங்க.

அதனால கேக்குறேன், புதுசா வெட்டுன கோடு உள்ள ஃபைல் எல்லாத்தையும் குரூப்ல இருந்து அழிச்சிடுங்க, ரைடு பதிவு பண்ற ஸ்ட்ராவா ஆப்புல அந்த ரைடுகள யாரும் பார்க்காத மாதிரி மாத்தி வைங்க, இல்லன்னா எங்கெங்க ஓட்டுறாங்கன்னு காட்டுற ஹீட்மேப்பப் பார்த்து அடுத்தவன் கண்டிப்பா வருவான். வெட்டுன எடத்தோட ரெண்டு முனையிலயும் விழுந்து கிடக்குற கெளையப் போட்டு மறைக்கலாம், அதுக்கும் இலாகாகிட்ட கேட்டுட்டே செய்வோம். அக்டோபர் மழைக்கு முன்னாடி முடிச்சிடணும். தோட்ட ஆபீஸுக்கு மலாய்ல கடுதாசி எழுதத் தெரியலன்னு யாராச்சும் நின்னா எனக்குச் சொல்லுங்க, நான் எழுதித் தர்றேன், கூடவே வந்து மேனேஜரையும் பார்க்குறேன்.

கோம்பாக்ல இருந்து,
கிராவல் ஓட்டுற உங்க தம்பி